நாற்பது மில்லிமீட்டர்

காரின் உயரத்தைக் குறைக்கிறவர்கள் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரே ஒரு கணக்கை நம்பித்தான் அந்த வேலையில் இறங்குகிறார்கள். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் மேலிருந்த பளு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதற்கு மூன்று அளவுகள் போதும்: வளைவில் எழும் பக்கவிசை, தரையிலிருந்து ஈர்ப்பு மையம் இருக்கும் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம். விசையை உயரத்தால் பெருக்கி அகலத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி, ஷாக் அப்சார்பர் எந்த வகை என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

பளு மாறினால் என்ன நட்டம்? டயரின் குணம் அப்படி. அதன் மேல் இரண்டு மடங்கு பளுவை ஏற்றினால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே உள்பக்க டயர் இழக்கும் பிடிமானத்தை வெளிப்பக்க டயர் முழுதாக ஈடு செய்வதில்லை. பளு மாற்றம் குறைந்தால் நான்கு டயர்களும் சேர்ந்து தரும் பிடிமானம் கூடும். ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு ஹேட்ச்பேக்கை 40 மி.மீ. இறக்கினால் உயரம் 510 ஆகிறது. பளு மாற்றம் சுமார் 7 விழுக்காடு குறைகிறது. சக்கரங்களும் ஹப்களும் இறங்குவதில்லை என்பதால் உண்மையில் அதைவிடச் சற்றுக் குறைவு. சிறியதுதான் என்றாலும் உறுதியான லாபம்.

இத்தனையும் சரி. ஆனாலும் வெறும் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கி, அதே கெட்டித்தன்மையில் 40 மி.மீ. இறக்கிய கார் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்கிறது. உயரம் குறைந்த வண்டி ஏன் அதிகம் சாய வேண்டும்? இதற்கு விடை காண வண்டியின் அடியில் படுத்து, லோயர் ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஒரே அமைப்புதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கும். அதன் தலை பானெட்டுக்கு அடியில் பாடியோடு பொருந்தியிருக்கும். அடியில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு லோயர் ஆர்ம். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை இரண்டாம் உலகப் போருக்குப் பின் செவர்லே கேடட் என்ற சிறிய காருக்காக உருவாக்கினார். அந்தக் கார் விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்கு மாறினார். 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் அவருடைய தூண்களின் மேல் நின்றது. பாகங்கள் குறைவு, இடம் குறைவு, செலவு குறைவு. மாருதி சுஸுகி ஸ்விஃப்ட் உட்பட எத்தனையோ கார்களின் முன்பக்கத்தில் இன்றும் அந்த அமைப்பே இருக்கிறது.

இந்த அமைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி உண்டு. தூணின் தலையிலிருந்து தூணுக்குச் செங்குத்தாக வண்டியின் உட்புறம் நோக்கி ஒரு கோடு போடுங்கள். லோயர் ஆர்மை அதே திசையில் நீட்டி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் எங்கோ தொலைவில் சந்திக்கும். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது, அந்தச் சந்திப்பைச் சுற்றிச் சுழல்வதுபோல்தான் அந்த நொடியில் அசைகிறது. அங்கிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றாவது கோடு போட்டால், அது வண்டியின் நடுக்கோட்டை ஓர் உயரத்தில் வெட்டும். அந்த இடம்தான் ரோல் சென்டர். வளைவில் பாடி சாய்வது இந்தப் புள்ளியைச் சுற்றித்தான். பக்கவிசை வேலை செய்வது ஈர்ப்பு மையத்தில். சுழற்சி நடப்பது ரோல் சென்டரில். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு நெம்புகோல். நெம்புகோல் நீண்டால் சாய்வு கூடும்.

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியும். கணக்குக்காக ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்கிறேன். நடுக்கோட்டிலிருந்து சக்கரம் 750 மி.மீ. தள்ளி. லோயர் ஆர்மின் நீளம் 350 மி.மீ. அதன் உள்முனை தரையிலிருந்து 200, பால் ஜாயின்ட் உள்ள வெளிமுனை 180. அதாவது ஆர்ம் வெளிப்பக்கமாக லேசாகக் கீழே சரிந்திருக்கிறது. தூண் 12 டிகிரி உள்ளே சாய்ந்து, தலை 800 மி.மீ. உயரத்தில். கோடுகளைப் போட்டால் ரோல் சென்டர் தரைக்கு மேல் சுமார் 97 மி.மீ. உயரத்தில் வருகிறது.

இப்போது வண்டியை 40 மி.மீ. இறக்குவோம். பால் ஜாயின்ட் சக்கரத்தோடு சேர்ந்தது. அது 180-லேயே நிற்கிறது. ஆர்மின் உள்முனை பாடியோடு இறங்கி 160 ஆகிறது. கீழே சரிந்திருந்த ஆர்ம் இப்போது வெளிப்பக்கமாக மேலே ஏறுகிறது. அதே கோடுகளை மறுபடி போட்டால் ரோல் சென்டர் தரைக்குக் கீழே 5 மி.மீ.-இல் கிடக்கிறது. பாடி இறங்கியது 40. ரோல் சென்டர் இறங்கியதோ 102. முன்பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், 453 மி.மீ. நீளமிருந்த நெம்புகோல் 515 ஆகிவிட்டது. 14 விழுக்காடு அதிகம். வளைவில் கூடுதலாகச் சாய்வது இதனால்தான்.

சாய்வும் பளு மாற்றமும் வேறு வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பளு மாற்றம் குறைந்திருக்கிறது, சாய்வு கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே காரில், ஒரே வளைவில் உண்மை. வண்டி இறக்குவதைப் பற்றிய விவாதங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகின்றன.

கடையில் விற்கும் இறக்க ஸ்பிரிங் குட்டையாக மட்டும் இருப்பதில்லை, கெட்டியாகவும் இருக்கும். முப்பது விழுக்காடு கெட்டி என்று வைத்துக்கொள்வோம். சாய்வைத் தடுக்கும் வேலையில் ஸ்பிரிங் பாதி, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் பாதி என்றால், மொத்தத் தடுப்பு கூடுவது 15 விழுக்காடு. நெம்புகோல் நீண்டது 14. கெட்டி ஸ்பிரிங்கின் பலன் ஏறக்குறைய முழுவதையும் ரோல் சென்டர் விழுங்கிவிட்டது. கையில் மிஞ்சுவது, சாலையின் ஒவ்வொரு குழியையும் இடுப்புக்குச் சொல்லும் ஒரு ஸ்பிரிங்.

இனி அலைன்மென்ட். கேம்பர், காஸ்டர், டோ என்று மூன்று கோணங்கள் அலைன்மென்ட் கடையில் தரும் சீட்டில் அச்சாகி வரும். கேம்பர், சக்கரத்தை முன்னிருந்து பார்க்கும்போது அதன் தலை உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது. டோ, மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்னோரங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா என்பது. காஸ்டர், பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. அலைன்மென்ட் மெஷின் இவற்றை வண்டி நிற்கும்போது அளக்கிறது. வண்டியோ நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. சக்கரம் மேலேறக் கேம்பரும் டோவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தாளில் வரைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். கார் செய்கிற நிறுவனம் அந்த வளைகோட்டின் நல்ல பகுதி நடுவில் வரும்படி உயரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். இறக்கும்போது நாம் வளைகோட்டில் வேறொரு இடத்துக்குப் போய்விடுகிறோம். மெஷினில் எண்ணைப் பழையபடி வைத்துவிடலாம். வளைகோட்டைப் பழையபடி வைக்க மெஷினால் முடியாது.

கேம்பரை முதலில் பார்ப்போம். நம் கணக்குக் காரை 40 மி.மீ. இறக்கியதில் சக்கரத்தின் தலை சுமார் முக்கால் டிகிரி உள்ளே சாய்ந்துவிட்டது. இதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். டயரின் உள்பக்கம் தேயுமே என்று. ஆனால் வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாடி 2 டிகிரி சாய்ந்தால் வெளிப்பக்கச் சக்கரமும் அதோடு வெளியே சாயப் பார்க்கும். அந்தச் சக்கரம் 26 மி.மீ. மேலேறும், ஏறும்போது பழைய உயரத்தில் 0.6 டிகிரி உள்ளே சாய்ந்து ஓரளவு ஈடுகட்டும். மிச்சம் 1.4 டிகிரி வெளியே சாய்ந்தபடிதான் டயர் தரையைப் பிடிக்கிறது. இறக்கிய காரில் அந்த ஈடுகட்டல் 0.4 டிகிரியாகக் குறைகிறது. மேலும் பாடி கூடுதலாகச் சாய்கிறது. இவையெல்லாம் நட்டக் கணக்கு. ஆனால் நிற்கும்போதே முக்கால் டிகிரி உள்ளே சாய்ந்திருந்ததால் கடைசியில் வெளியே சாய்வது ஏறத்தாழ 1 டிகிரிதான். டயர் முன்னைவிட நன்றாகவே தரையில் படிகிறது.

ஆக, இறக்கிய கார் வளைவில் நன்றாகப் பிடிக்கிறது என்று ஓட்டுகிறவர் சொன்னால் அது பிரமை அல்ல. ஆனால் அந்தப் பிடிமானத்தின் பெரும்பங்கு உயரம் குறைந்ததால் வரவில்லை. சக்கரம் உள்ளே சாய்ந்ததால் வந்தது. தூணையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்களில் ஒன்றைக் கழற்றி, அச்சு விலகிய கேம்பர் போல்ட்டைப் போட்டால் ஒரு டிகிரிக்கு மேல் சாய்வு கிடைத்துவிடும். வண்டியை ஒரு மில்லிமீட்டர்கூட இறக்க வேண்டாம். வளைவில் கார் நன்றாகத் திரும்ப வேண்டும் என்பது மட்டுமே உங்கள் ஆசை என்றால், நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அப்படியானால் இறக்கிய கார்களின் டயர் ஏன் சில ஆயிரம் கிலோமீட்டரில் உள்பக்கம் நூல் தெரியத் தேய்கிறது? பழியைக் கேம்பர் மேல் போடுவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி டோ. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் ஒரு ஆர்ம்தான். பாடி இறங்கும்போது அதன் கோணமும் மாறும். லோயர் ஆர்மின் வெளிமுனை வரையும் வில்லும் டை ராடின் வெளிமுனை வரையும் வில்லும் துல்லியமாக ஒத்துப்போகாததால், சக்கரம் ஏற இறங்கச் சற்றே திரும்புகிறது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் மேடு பள்ளத்தில் வண்டி தானாக இடமும் வலமும் முகர்வதற்குக் காரணம் இது. அடிப்படை உயரத்தில் இந்த வளைகோடு ஏறக்குறைய நேராக இருக்கும். விலகிப்போகப் போகச் சரிவு கூடும். 40 மி.மீ. இறக்கினால், நிற்கும்போதே டோ சில மில்லிமீட்டர் மாறிவிடும். ஓடும்போது இன்னும் அதிகமாக மாறும்.

சில மில்லிமீட்டர் என்றால் சாதாரணமாகத் தோன்றும். 400 மி.மீ. விட்டமுள்ள ரிம்மில் முன்னோரத்துக்கும் பின்னோரத்துக்கும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து மொத்தம் 3 மி.மீ. வித்தியாசம் என்று வையுங்கள். ஒவ்வொரு சக்கரமும் போக வேண்டிய திசையிலிருந்து 0.2 டிகிரி விலகி நிற்கிறது. அப்படியே நேராக ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு டயரும் 3.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 37.5 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் டயரைக் குறுக்காகத் தார்ச்சாலையில் தேய்த்திருக்கிறோம். ஏற்கெனவே உள்ளே சாய்ந்த டயர் என்றால் அந்தத் தேய்ப்பு முழுவதும் உள்ளோரத்தின் மேல் விழுகிறது. கேம்பர் எந்த இடம் தேய வேண்டும் என்று சொல்கிறது. எவ்வளவு வேகமாகத் தேய வேண்டும் என்று சொல்வது டோ. கண்டுபிடிக்கும் வழி எளிது. டயரின் மேற்பரப்பைக் கையால் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் மீன் செதில்போல் உறுத்தினால் டோ தப்பு. இரு திசையிலும் வழுவழுப்பாக, ஆனால் உள்ளோரம் மட்டும் தாழ்ந்திருந்தால் கேம்பர்.

காஸ்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை விட்டால் சக்கரம் தானாக நேராவதும், வளைவில் திரும்பிய வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக உள்ளே சாய்வதும் அதன் கொடை. முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட அதிகமாக இறக்கினால் அது குறையும். சக்கர இடைவெளி 2450 மி.மீ. உள்ள காரில் முன்பக்கம் 25 மி.மீ. கூடுதலாக இறங்கினால் 0.6 டிகிரி காஸ்டர் போய்விடும். ஹெட்லைட்டும் அதே கோணத்தில் குனியும்: 30 மீட்டர் தொலைவில் ஒளி சுமார் 30 செ.மீ. தாழ்ந்து விழும். அலைன்மென்ட் முடிந்ததும் ஹெட்லைட்டையும் சரிசெய்வது இரவில் ஓட்டுகிறவருக்கு அவசியம்.

ஸ்பிரிங்கின் கதையில் கெட்டித்தன்மையைவிட முக்கியமானது, மீதி எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது. சக்கரம் மேலேறி பம்ப் ஸ்டாப் ரப்பரை முட்டும்வரை முன்பு 80 மி.மீ. இருந்ததென்றால், 40 இறக்கியபின் மீதி 40. ஒரு மேட்டின் அதே மோதலைப் பாதித் தூரத்துக்குள் விழுங்க வேண்டும். ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதற்கு நான்கு மடங்கு கெட்டி ஸ்பிரிங் வேண்டும். சாலையில் ஓடும் காரில் யாரும் அப்படிப் போட முடியாது. அதனால் இறக்கிய கார் அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காருகிறது. வளைவின் நடுவில் அது நடந்தால் இன்னும் மோசம். வெளிப்பக்க முன்சக்கரத்தின் கெட்டித்தன்மை ஒரே நொடியில் பல மடங்காகிறது; பளு அங்கே பாய்கிறது; கார் திரும்ப மறுத்து வெளியே ஓடுகிறது. ஆகவே பம்ப் ஸ்டாப்பையும் ஸ்பிரிங்கின் ஒரு பகுதியாகவே கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்ல மெல்லக் கெட்டியாகும், நுண்துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் ஸ்டாப் நல்லது. இறக்கிய அளவுக்கு ஏற்ப அதைக் குட்டையாக்கும்போது ஷாக் அப்சார்பர் உள்ளுக்குள் முட்டாத அளவு நீளத்தை விட்டுவைக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை அறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் அது 20 விழுக்காடு கெட்டியாகும். கெட்டித்தன்மை சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறாகப் போவதால். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுத்த முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் பொருந்துவதற்கென்று வளைக்கப்பட்ட முனை அல்ல. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். தீயில் காய்ச்சி இறக்குவது அதைவிட ஆபத்து. ஸ்பிரிங் எஃகின் வலிமை முழுவதும் அதன் வெப்பப் பதப்படுத்தலில் இருக்கிறது, கேஸ் டார்ச் அந்த இடத்தில் அதை அழித்துவிடும். இரண்டையும் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு காருக்கும் மேலும் கீழும் ஆடுவதற்கு ஓர் இயல்பு வேகம் உண்டு. முன்சக்கரம் ஒன்றின் மேல் 260 கிலோ, ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் நொடிக்கு 1.4 முறை ஆடும். முப்பது விழுக்காடு கெட்டியாக்கினால் 1.6 முறை. பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டால் அதன் அடக்கும் திறன் அந்தப் புதிய ஸ்பிரிங்குக்குப் போதாது. ஆட்டத்தை முற்றிலும் அடக்கத் தேவையான அளவில் 30 விழுக்காடு என்று இருந்தது 26-ஆகக் குறையும். அதனால்தான் ஸ்பிரிங் மட்டும் மாற்றிய கார் நெடுஞ்சாலையில் மேட்டைத் தாண்டியபின் இன்னொரு தடவை துள்ளுகிறது.

இங்கே மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளரை நினைவுகூர வேண்டும். ரோல்ஸ் ராய்ஸில் இருந்து 1930-இல் கேடிலாக்குக்குப் போனவர். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு சோதனைக் காரைச் செய்து, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எது சுகம் என்று தேடினார். அவர் கண்டது: பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும். காரணம் எளியது. மேட்டை முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், 2450 மி.மீ. இடைவெளியுள்ள காரின் பின்சக்கரம் 0.15 நொடி கழித்துத்தான் அங்கே வருகிறது. தாமதமாக ஆடத் தொடங்கிய பின்பக்கம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தைப் பிடித்துவிடும். பாடி குதிரைபோல் முன்னும் பின்னும் எம்பாமல் மொத்தமாக ஏறி இறங்கும். முன்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கும் ஸ்பிரிங் செட் இந்த உறவைக் கெடுத்துவிடுகிறது. வாங்குமுன் முன்னும் பின்னும் எத்தனை விழுக்காடு கெட்டி என்று கேளுங்கள். விற்பவரிடம் அந்த எண் இல்லையென்றால் அந்த ஸ்பிரிங்கை விட்டுவிடுவது நல்லது.

ரோல் சென்டரைத் திரும்ப மேலே கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. நீளமான தண்டுள்ள பால் ஜாயின்ட்டைப் போட்டு ஆர்மின் வெளிமுனையைக் கீழே தள்ளுவது. நம் கணக்குக் காரில் 20 மி.மீ. நீளமான பால் ஜாயின்ட் போட்டால் ஆர்ம் மட்டமாகிறது. தரைக்குக் கீழே 5 மி.மீ.-இல் கிடந்த ரோல் சென்டர் மேலே 42-க்கு ஏறிவிடுகிறது. இறக்கிய காருக்குச் செய்யக்கூடியவற்றுள் இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரியவில்லை. ஆனால் பணம் முழுவதும் பெரும்பாலும் பளபளக்கும் தூண்களுக்கே போகிறது. ஒரு நிபந்தனை: டை ராடின் வெளிமுனையையும் அதே அளவு இறக்க வேண்டும். ஆர்மை மட்டும் சரிசெய்து டை ராடை விட்டுவிட்டால் இரண்டு வில்களும் இன்னும் விலகும். வண்டி ஒவ்வொரு மேட்டிலும் தானாகத் திரும்பும். ரிம்மின் உட்புறத்தில் இடமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாயின்ட் முறிந்தால் சக்கரம் கழன்றுவிடும் என்பதால், தரம் தெரியாத பாகத்தை இந்த ஓர் இடத்தில் மட்டும் போடவே கூடாது.

எவ்வளவு இறக்கலாம்? ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. நாற்பது இறக்கினால் 123. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. மணிக்கு 25 கிலோமீட்டரில் தாண்டுவதற்கானது. 2450 மி.மீ. இடைவெளியுள்ள கார் அதன் நடுவில் நின்றால் சக்கரங்களும் தடையின் மேலேதான் இருக்கும். வயிற்றுக்கும் சக்கர மட்டத்துக்கும் இடையில் தடை உள்நுழைவது வெறும் 44 மி.மீ. எனவே விதிப்படியான தடையில் 123 தாராளம். அரை மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் கொட்டிவைத்த தடையில் அந்த 15 செ.மீ. முழுவதும் உள்நுழையும், வயிறு இடிக்கும். நீங்கள் தினமும் போகிற தெருவில் எந்த வகை இருக்கிறது என்பதுதான் கணக்கின் முடிவைத் தீர்மானிக்கிறது. என் கணிப்பில், சாலையில் ஓடும் மெக்பெர்சன் காருக்கு 25 மி.மீ. நியாயமான எல்லை, அதற்குள் லோயர் ஆர்ம் ஏறக்குறைய மட்டத்தில் நின்றுவிடுகிறது. சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிசெய்தது. கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ மட்டும் ஓடும் கார் என்றால் அங்கே பந்தய விதிகள் இருக்கின்றன.

இறக்கிய பின் வேலையின் வரிசை முக்கியம். லோயர் ஆர்ம் புஷ்களில் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு அசைகிறது. பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டால், வண்டி நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரத்தையும் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். போல்ட்களைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, அந்த உயரத்தில் இறுக்க வேண்டும். டயர்க் காற்றைச் சரிபார்த்து, டேங்கில் பாதி எண்ணெய் விட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுகிறவரின் எடையை வைக்க வேண்டும். 75 கிலோ மனிதர் ஏறினால் நம் காரின் ஒவ்வொரு மூலையும் சராசரியாக 9 மி.மீ. இறங்குகிறது; வலப்பக்கம் அதைவிட அதிகம். அதுவே கேம்பரில் 0.2 டிகிரி.

மெஷின் இல்லாத ஊரில் நூல் போதும். வண்டியின் இருபுறமும் ஹப் மட்டத்தில் நூலைக் கட்டி, இரண்டு நூல்களும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கும்படி வைத்து, ரிம்மின் முன்னோரத்துக்கும் பின்னோரத்துக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் அளப்பார்கள். பொறுமையாகச் செய்தால் அரை மில்லிமீட்டர்வரை நம்பலாம். பந்தயக் களத்தில் இன்றும் நூலைப் பார்க்கலாம்.

சாலைக்கான இறக்கிய ஹேட்ச்பேக்குக்கு நான் தொடங்கும் எண்கள் இவை: முன்பக்கக் கேம்பர் உள்ளே 1 முதல் 1.5 டிகிரி, இடது வலது வித்தியாசம் கால் டிகிரிக்குள். அதைத் தாண்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். காஸ்டர், கிடைக்கிற அளவு அதிகம். டோ பூஜ்யம், அல்லது மொத்தம் 1 மி.மீ. உள்ளே. பின்பக்கம் இரு சக்கரங்களையும் சேர்க்கும் டார்ஷன் பீம் என்பதால் திருப்ப எதுவும் இல்லை. அளந்து மட்டும் பார்க்க வேண்டும். பீம் வளைந்திருந்தால் ஸ்டப் ஆக்ஸிலுக்கு அடியில் கோண ஷிம் வைத்துத்தான் திருத்த முடியும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால், முன்பக்கத்தை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் படியும். நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் வேலை முடிந்த அன்றே எழுதிவைத்து, படிந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். 5 மி.மீ. மாறியிருந்தாலும் திரும்ப அலைன்மென்ட் செய்ய வேண்டும். காஸ்டரைத் தொட்டால் கேம்பர் மாறும், கேம்பரைத் தொட்டால் டோ மாறும். ஆகவே முதலில் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு டோ.